துரு உதிர்க்கும் காற்று

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தில் கிண்டியிலிருந்து தெற்கே ஏறக்குறைய எல்லா ஊருக்கும் ஒரு தொழில் உண்டு, அல்லது இருந்தது. கிண்டியில் 1958-இல் திறந்த தொழிற்பேட்டை. பல்லாவரத்தில் கல்லும் தோலும். குரோம்பேட்டைக்குப் பெயரையே கொடுத்த குரோம் லெதர் கம்பெனி. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். தாம்பரம் தாண்டினால், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த தொழிற்சாலை. வீட்டுக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிங் கேபினெட் அமைக்க வேண்டும் என்று சேலையூரில் இருக்கும் என் அத்தை மகன் சொன்னபோது, அதற்கு வேண்டிய பொருளும் அறிவும் இந்தத் தடத்திலேயே கிடைத்துவிடும் என்று தோன்றியது. அவனுக்குக் கிண்டியில் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்தே தெற்கே வண்டி ஏறினோம்.

அவனிடம் இருப்பது திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட். இஞ்சின் பிரித்துக் கிடக்கிறது. கிரேங்க்கேஸிலும் ஹெட்டிலும் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஸ்டாண்டிலும் டூல்பாக்ஸிலும் பெயின்ட் மேல் பெயின்ட், அதற்கடியில் துரு. கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் போக முடியாத இடுக்குகள்தான் அதிகம்.

“வெளியே குடுத்தா எல்லாத்தையும் ஒரே தூள்ல அடிச்சு அனுப்பிடறாங்க மச்சான். ஸ்டாண்டு நல்லா வந்துச்சு. ஹெட்டு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சு” என்றான். ஒரே அழுத்தம், ஒரே தூள் என்று இரும்பையும் அலுமினியத்தையும் நடத்தினால் அப்படித்தான் ஆகும். வீட்டிலேயே அமைத்துக்கொள்ள நினைப்பவர்களில் பாதிப்பேர் இந்தக் காரணத்துக்காகத்தான் அமைக்கிறார்கள்.

வேலை எளிமையானது. காற்றின் வேகத்தில் கடினமான துகளை வீசி, மேலே படிந்ததை உதிர்ப்பது. அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கேபினெட் என்பது அதைப் பெட்டிக்குள் அடைத்த ஏற்பாடு: முன்னால் கண்ணாடி, கை நுழைக்க நீண்ட ரப்பர் கையுறை, உள்ளே துப்பாக்கி, அடியில் புனல். விழுந்த தூள் புனலில் சேர்ந்து, குழாய் வழியே மறுபடி துப்பாக்கிக்கு ஏறும். அதற்கு என்ன தூள் போடுவது என்பதே வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி. என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. முதலாவது காற்று, இரண்டாவது தூசி.

மீனம்பாக்கம் தாண்டியதும் திரிசூலம் குன்றுகள் தெரிகின்றன. ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் வெட்டுப்பட்ட பாறை. பரங்கிமலையிலிருந்து பல்லாவரம் வரை நீளும் இந்தக் கருநீலப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைமேல் கிடந்த கல்லும் இதே வகை என்று கண்டு, 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். பரங்கிமலையில் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். சென்னையின் எத்தனையோ வீடுகளுக்கு ஜல்லி இந்தக் குன்றுகளிலிருந்து போயிருக்கிறது. குவாரிகள் ஓடிய காலத்தில் வெடியும் கிரஷரும் எழுப்பிய தூசியைச் சுற்றியிருந்த தெருக்கள் சுவாசித்தன.

சார்னோகைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. ஆற்று மணல் பெரும்பாலும் அதுவேதான். இத்தகைய பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டிலும் அது உண்டு. கட்டடத்தில் கிடக்கிறவரை மணல் யாரையும் ஒன்றும் செய்யாது. அதையே 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரும்பின்மேல் அடித்தால், ஒவ்வொரு மணியும் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறது. அந்தப் பொடி மூக்கில் தங்குவதில்லை; நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்கிறது.

பல்லாவரத்தில் இறங்கினோம். வெள்ளிக்கிழமைச் சந்தை பழைய டிரங்க் ரோடு நெடுகப் பரவியிருந்தது. செடி, புறா, மீன்தொட்டி, பழைய பீரோ எல்லாம் தாண்டி உள்ளே போனால் இரும்புப் பகுதி. இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கைக்கோடரியை 1863-இல் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த ஊர் இது. கருவி தேடி வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். டிரில்லிங் மெஷின், வைஸ், ஸ்பானர் குவியல், மோட்டார், இவற்றோடு பழைய ஏர் கம்ப்ரஸர்கள்.

பச்சைப் பெயின்ட் அடித்த ஒன்றின் முன் மச்சான் நின்றுவிட்டான். புதிதாக அடித்த பெயின்ட், நகத்தால் கீறினால் உரிந்தது. குனிந்து டாங்கியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். வடிகால் திருகுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்திருந்தது. அதன் ஓரத்திலும் பெயின்ட் பொருக்குவிட்டிருந்தது. உற்பத்தியாளர் பெயர், வரிசை எண், தாங்கும் அழுத்தம் எழுதிய தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள் மட்டும். கடைக்காரரிடம் திருகைத் திறந்து காட்டச் சொன்னோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒழுகி நின்றது.

“ஓடுது அண்ணே, ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?” என்றார் அவர்.

ஓடுவதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. உள்ளிருந்து அரித்த டாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வெடிக்கும். தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்காத பழைய டாங்கியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒட்டுப் போட்ட டாங்கியைச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டாம். மோட்டாரும் ஹெட்டும் நன்றாக இருந்தால் அவற்றை மட்டும் வாங்கிப் புது டாங்கியில் ஏற்றலாம். பக்கத்துக் கடையில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் குழாய் மாட்டி ‘ஏர் கம்ப்ரஸர்’ என்று விற்றார்கள். அது பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கப் போதும். இந்த வேலைக்கு அதன் காற்று எந்த மூலைக்கும் காணாது.

காற்றுக் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நூல் துளை, அதாவது 1/8 அங்குலம், 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடிக் காற்றை விழுங்கும். ஒன்றரை நூல் என்றால் 38. இரண்டு நூல் என்றால் 68. துளையின் விட்டம் இரட்டித்தால் காற்றுச் செலவு நான்கு மடங்கு. பிஸ்டன் கம்ப்ரஸரில் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 4 கன அடி என்று தகட்டில் போட்டிருப்பார்கள். அது சிலிண்டரின் கொள்ளளவு. குழாய் முனையில் கிடைப்பது அதில் முக்கால் பங்குதான். ஆகவே 5 குதிரைத்திறன் இருந்தால் ஒரு நூல் ஜெட்டை ஏறக்குறைய விடாமல் ஓட்டலாம். 2 குதிரைத்திறன் என்றால் கொஞ்சம் அடிப்பது, டாங்கி நிரம்பக் காத்திருப்பது, மறுபடி அடிப்பது. வாரக் கடைசியில் ஒரு கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறவருக்கு அதுவும் தாங்கும். ஃபிரேமையே உரிக்க நினைப்பவருக்குத் தாங்காது.

வீட்டு கேபினெட்டில் வருவது பெரும்பாலும் உறிஞ்சு வகைத் துப்பாக்கி. அதில் துளை இரண்டு. உள்ளே சின்னதாகக் காற்று ஜெட், முன்னால் அதைவிட அகலமான நாசில். காற்றுச் செலவைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் ஜெட். ஆனால் கடையில் பலரும் முன் நாசிலின் அளவைத்தான் சொல்வார்கள். கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். அழுத்தக் கலத்திலிருந்து தூள் தள்ளும் வகை இன்னும் வேகமாக வேலை முடிக்கும். அதற்குக் காற்றும் பணமும் கூடுதல், வீட்டுக்கு அவசியமில்லை. நாசிலில் பீங்கான் சீக்கிரம் தேயும், டங்ஸ்டன் கார்பைடு பலமடங்கு தாங்கும், போரான் கார்பைடு அதற்கும் மேல். தேய்ந்த நாசில் துகளைச் சிதறடித்து வேலையை இழுக்கும். அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கூர்மையான தூளை அடிப்பவர் கார்பைடுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

மறுபடி வண்டி ஏறி, குரோம்பேட்டை தாண்டி, தாம்பரம் சானடோரியம். நிலையத்தின் பெயரே ஒரு மருத்துவமனையின் பெயர். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக இங்கே ஆரோக்கிய இல்லம் தொடங்கினார். 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மூச்சுக் கோளாறோடு வருகிறவர்கள் கூட்டம் நிலையத்தின் படிகளிலேயே தெரியும். ஒரு பெரியவர் நான்கு படிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறுபடி ஏறினார். கூட வந்த பெண் எக்ஸ்-ரே உறையை மார்போடு அணைத்தபடி அவருக்காகக் காத்திருந்தார். அவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. மணல் தூசி நுரையீரலுக்குள் போனால் வருவது அந்த நடைதான்.

சிலிக்கா பொடி தங்கிய இடத்தில் நுரையீரல் தழும்பாகிறது. தழும்பு விழுந்தது விழுந்ததுதான். அதைத் திருப்ப மருந்தில்லை. இந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். அப்படிக் கெட்ட நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறும். பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டு விதிகள் பிளாஸ்டிங்கில் மணலைத் தடுத்தன. ஜீன்ஸ் துணிக்குப் பழசுத் தோற்றம் கொடுக்க மணல் அடித்த இளைஞர்கள் சிலிக்கோசிஸில் மடிந்த பிறகு, துருக்கி 2009-இல் துணியில் மணல் அடிப்பதையே தடை செய்தது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் ஆற்று மணல் அடிக்கும் பையன்களைப் புறநகரில் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டு எதையும் தடுக்காது.

தாம்பரத்தில் இறங்கி, மச்சானுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனோம். பவுடர் கோட்டிங்கும் பிளாஸ்டிங்கும் சேர்ந்த சின்ன இடம். நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும். மேசைமேல் பெருங்களத்தூர்த் தயாரிப்பான ஹெரால்டு ஒன்றின் கதவுக் கீல்கள். கீழே மூன்று டப்பாக்களில் மூன்று நிறத் தூள்: வெள்ளை, தவிட்டு நிறம், சிவப்பு.

வெள்ளை, கண்ணாடி மணி. உருண்டையானது; வெட்டாது, தட்டும். அலுமினியத்துக்கு மங்கலான பட்டுப் பளபளப்பைக் கொடுப்பது அதுதான். 100 முதல் 170 மெஷ், அதாவது சுமார் 90 முதல் 150 மைக்ரான், கார்புரேட்டருக்கும் கிரேங்க்கேஸுக்கும் சரியாக வரும். 40, 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றினால் மணி உடைந்து, உடைந்த முனை கீறத் தொடங்கும். பழைய கண்ணாடிச் சில்லிலிருந்து செய்யும் இதிலும் சிலிக்கா உண்டு. ஆனால் படிகமாக இல்லாததால் மணல் செய்யும் தீங்கை அது செய்வதில்லை.

தவிட்டு நிறம், அலுமினியம் ஆக்ஸைடு. பாக்ஸைட்டை மின்உலையில் உருக்கி எடுப்பது. மோஸ் அளவில் 9; வைரத்துக்கு 10. கூர்முனைகளோடு இருப்பதால் துருவையும் பெயின்டையும் வெட்டி எறியும். இரும்புக்கு 80 மெஷ் போதும். அது விட்டுச்செல்லும் சொரசொரப்பில் பிரைமர் கெட்டியாகப் பிடிக்கும். உரைபொருள் செய்வது சென்னைக்குப் பழைய தொழில். கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் தொடங்கி, திருவொற்றியூரில் சாணைக்கல் செய்யும் நிறுவனம்.

சிவப்பு, கார்னெட். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரையில் அலை ஒதுக்கும் செம்மணல். மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரைக் கனிமங்களோடு இதையும் பிரிக்கிறது. கடற்கரையை அளவில்லாமல் அள்ளிய புகார்கள் பெருகி, தனியார் தாதுமணல் எடுப்பை 2013-இல் தமிழக அரசு நிறுத்தியது. கடினம் 7-ஐ ஒட்டி, எடை கனம், சிலிக்கா மிகக் குறைவு, மூன்றிலும் விலை மலிவு. ஆனால் சில சுற்றிலேயே பொடியாகிவிடும். பெரிய கேட்டுக்கும் கிரில்லுக்கும் நல்லது. சின்ன கேபினெட்டில் அடிக்கடி மாற்ற வேண்டிவரும் என்பதால் எனக்கு இரண்டாம் பட்சம்.

“இரும்பு கிரிட் போடலாமா சார்?” என்று கேட்டோம்.

“இரும்புக்குப் போடலாம். அதே பெட்டியில அலுமினியத்தைக் காட்டினா, உள்ள பதிஞ்ச இரும்புத் தூள் மழைக்காலத்துல துருப் புள்ளி புள்ளியா வெளியே வரும். ரெண்டையும் கலக்காதீங்க தம்பி” என்றார். ஒரு தூளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெட்டியைத் துடைத்து எடுப்பதற்கே அரை மணி போகும் என்றும் சொன்னார்.

அவர் ஒரு கார்புரேட்டர் உடலை எடுத்தார். ஜெட் துளைகளிலும் மறைகளிலும் ரப்பர் அடைப்பான்கள் செருகி, உட்காரும் பரப்பில் டேப் ஒட்டியிருந்தார். கையுறைக்குள் கைவிட்டு, பெடலை மிதித்தார். துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிச் சாய்வாகப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அலைய விட்டார். கறுப்புப் பிசின் ஒதுங்கி, வார்ப்பில் பதிந்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. வெளியே எடுத்ததும் முடிந்தது என்று மச்சான் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. சோப்புக் கரைத்த வெந்நீரில் முக்கி, ஒவ்வொரு துளையிலும் காற்று விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி முக்கினார். கிரேங்க்கேஸ் என்றால் எண்ணெய்த் தடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே தங்கிய ஒரு சிட்டிகை மணி பேரிங்கைத் தின்றுவிடும். சுத்தம் செய்யக் கொடுத்த இஞ்சின் சுத்தம் செய்ததாலேயே போன கதைகள் மெக்கானிக்குகளிடம் நிறைய உண்டு.

சேலையூர்க் கொட்டகைக்கு வந்தபோது மதியம். இனி இடத்தைப் பார்க்க வேண்டும். கடல் வெகுதூரமில்லை. ஈரப்பதம் 80 சதவீதம் என்பது இங்கே சாதாரண நாள். 30 டிகிரியில் அப்படிப்பட்ட காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நிமிடத்துக்கு 17 கன அடி இழுத்தால் மணிக்கு ஏறக்குறைய 700 மில்லி தண்ணீர் உள்ளே போகிறது. அழுத்தி ஆறவைத்ததும் அதில் அரை லிட்டருக்கு மேல் குழாயிலும் டாங்கியிலும் நீராக விழும். விழாததும் வடியாததும் துப்பாக்கிக்கு வந்து தூளைக் கட்டியாக்கும். அதனால் கம்ப்ரஸருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே நீளமான இரும்புக் குழாயை வாட்டமாக ஓட்டி, தாழ்ந்த முனையில் வடிகால் வைத்து, கேபினெட்டுக்கு அருகே ஈரம் பிரிக்கும் வடிகட்டி மாட்டச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் இதுவும் போதாமல் போகலாம்; அப்போது பிளாஸ்டிங்கை ஒத்திப்போடுவதே மேல். அடித்து முடித்த இரும்பை அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும். இந்த ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் படர்ந்திருக்கும்.

மின்சாரம் அடுத்தது. 5 குதிரைத்திறன் என்றால் மும்முனை இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஊராருக்கும் கூலிக்குச் செய்து கொடுக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டு மின்கட்டணத்தில் ஓட்டக் கூடாது. சத்தத்தை அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை.

கேபினெட்டை உள்ளூர் ஃபேப்ரிகேஷன் கடையில் 16 கேஜ் தகட்டில் செய்துகொள்ளலாம். ஆயத்தமாக வேண்டுமென்றால் இத்தொழிலுக்குப் பேர்பெற்ற ஜோத்பூரிலிருந்து வரும். எதுவானாலும் கதவு ஓரத்தில் ரப்பர் முழுதாகச் சுற்றியிருக்கிறதா, புனல் செங்குத்தாக இறங்குகிறதா, கண்ணாடியைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் போதும். பெட்டியை எர்த் செய்யுங்கள். இல்லையென்றால் வறண்ட தூள் ஓடும்போது கையில் மின்னதிர்ச்சி அடிக்கும்.

மச்சான் சிக்கனம் பிடிக்க நினைத்தது தூசி உறிஞ்சியில். அங்கேதான் விடமாட்டேன் என்றேன். கேபினெட்டின் உள்ளே எப்போதும் காற்று வெளியிலிருந்து இழுபட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் பொடி கொட்டகைக்குள் வரும். முதலில் ஒரு சைக்ளோன், அதில் கனமான தூள் விழுந்துவிடும். அதற்குப் பின் மெல்லிய பொடியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி. வீட்டு வாக்குவம் கிளீனரின் பையை மட்டும் நம்பினால் மெல்லிய பொடி அதன் வழியாகவே அறைக்குத் திரும்பும். அலுமினியப் பொடியையும் துருப் பொடியையும் ஒரே வடிகட்டியில் சேரவிடாதீர்கள். இரண்டும் கலந்து தீப்பொறி பட்டால் அணைக்க முடியாத வெப்பத்தில் எரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பொடியைக் கொல்லைச் செடிக்குக் கொட்டாதீர்கள். கேபினெட்டைத் திறக்கும்போதும் வடிகட்டியைத் தட்டும்போதும் என்-95 முகக்கவசம் கட்டாயம்.

கடைசியில் அவன் எடுத்தது 5 குதிரைத்திறன் புதுக் கம்ப்ரஸர், தகரத்தில் செய்வித்த உறிஞ்சு வகைப் பெட்டி, சைக்ளோனோடு உறிஞ்சி, ஒரு மூட்டை கண்ணாடி மணி, அரை மூட்டை அலுமினியம் ஆக்ஸைடு. மொத்தச் செலவில் தூளின் பங்குதான் மிகக் குறைவு. இந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் வெளியே கொடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. கொடுக்கும்போது என்ன தூள் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆற்று மணல், எம்-சாண்ட் என்று பதில் வந்தால் வேலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கே துப்பாக்கி பிடிக்கும் பையனிடம், நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கும் அரசு மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.